மலைத் தண்ணீர்

கணவர் மஸ்தானின் உடலைச் சுற்றிய கபன் துணியின் தலைமாட்டு முடிச்சை மரியம் பீவி மறுபடி கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஜீப்பு வந்து நின்றது. பக்கத்து வீட்டு ஜன்னத் எட்டிப் பார்த்தாள்.

"எஸ்டேட்டுக்காரி வந்திருக்கா. கையில என்னமோ சாக்குல சுத்திக் கொண்டாந்திருக்கா."

மரியம் பீவி திரும்பவில்லை. யாரென்று தெரியும். போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட்டில் காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை செய்பவள், அனுசியா. ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் பிடிக்கப் போகும் மஸ்தானுக்குப் படகு வலிப்பவள். நேற்று அந்த எஸ்டேட் ஏரியின் நடுவில் மஸ்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது கூட இருந்தது அவள் ஒருத்திதான்.

மகன் முபின் உள்ளே வந்தான். "அம்மா, லுஹர் தொழுகைக்கு முன்னாடி பள்ளிவாசலுக்குக் கொண்டு போகணும். பொம்பளைங்க எல்லாம் முகம் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

"அனுசியாக்கா வெளிய நிக்கிறாங்க."

"அந்நியப் பொம்பளைக்கு ஆம்பளை மய்யித்தோட முகத்தைக் காட்டுறது நம்ம வழக்கமா?"

முபின் அவளையே பார்த்தான். காலையில் பால்காரம்மா வந்து முகம் பார்த்து அழுதுவிட்டுப் போயிருந்தாள். அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்ததே மரியம் பீவிதான். முடிச்சை இன்னொரு தரம் இழுத்து இறுக்கிவிட்டு அவள் எழுந்தாள்.

மய்யித்தை வைத்த சந்தூக்கைத் தூக்கினார்கள். வாசலைத் தாண்டும்போது அனுசியா சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டாள். ஒரு கை பாதி உயர்ந்து, பிறகு சாக்கு மூட்டையின் மேலேயே வந்து அமர்ந்தது. உள்ளே கதவோரம் நின்ற மரியம் பீவி அதைப் பார்த்தாள். தெரு முனையில் கலிமாச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

மூட்டைக்குள் இருப்பது என்ன என்றும் அவளுக்குத் தெரியும். மஸ்கட்டில் வெள்ளைக்காரர்களை மீன் பிடிக்க அழைத்துப் போகும் படகில் மஸ்தானுக்குப் பல வருடம் சோலி. ஊர் திரும்பும்போது மற்றவர்கள் நகை கொண்டுவந்தார்கள். அவர் பழைய டவுன்ரிக்கர் ஒன்றைக் கொண்டுவந்தார். படகின் விளிம்பில் பொருத்தும் மின்சார உருளை. பேட்டரியில் ஓடும். ஈயக்குண்டு ஒன்றை இரும்புக் கம்பியில் கட்டி, வேண்டிய ஆழத்துக்கு இறக்கும். தூண்டில் நரம்பை அந்தக் கம்பியில் கிளிப்பு பிடித்திருக்கும். மீன் இழுத்ததும் விட்டுவிடும். வெயிலில் அடியில் போய்க் கிடக்கும் பெரிய கெண்டைகளை அப்படித்தான் பிடிக்க முடியும் என்பார். ஒருவர் படகைச் சீராக வலிக்க வேண்டும், இன்னொருவர் மெஷினைப் பார்க்க வேண்டும்.

"அனுசியா வலிச்சா தண்ணி கலங்கவே கலங்காது" என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த மரியம் பீவி கரண்டியைச் சட்டிக்குள் போட்டாள். அடுத்த வாரம் தானும் வருவதாகச் சொன்னாள். "கொண்டை ஊசி வளைவுல நீ குடலையே வாந்தி எடுப்பியே" என்று சிரித்தார். உண்மைதான். அதனால்தான் அது இன்னும் உறுத்தியது.

அவளுக்கென்று இருந்தது ஞாயிறு சாயங்காலம். கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மெஷினை வைத்து, கம்பியை முழுக்க வெளியே இழுப்பார். அவள் செம்பில் மோந்து ஊற்றுவாள். துணியால் உருவிக்கொண்டே வந்து, பிரி விட்ட நுனியை வெட்டி, புதிதாக மடக்கி நசுக்குவார். "உப்பு பட்டுச்சுன்னா கம்பி அரிச்சிரும். ஊத்து... போதும்... ஊத்து." அந்த நேரத்தில்தான் அவருக்குப் பேச்சு வரும். மஸ்கட்டு, முபினுக்குப் பெண் பார்ப்பது, ஏல மையத்தில் காய் என்ன விலைக்குப் போனது, எல்லாம். மற்ற நாட்களில் வீட்டில் ஆள் இருப்பதே தெரியாது.

ஆண்கள் எல்லாம் போனதும் அனுசியா பக்கச் சந்து வழியாகக் கொல்லைக்கு வந்தாள். மூட்டையை இறக்கினாள்.

"படகுலயே கெடந்துச்சுக்கா. எவனாவது தூக்கிட்டுப் போயிருவான்னு கொண்டாந்துட்டேன்."

"வச்சிட்டுப் போ."

அனுசியா போகவில்லை. சாக்கை அவிழ்த்து, கைப்பிடியில் ஒட்டியிருந்த நாரைத் தட்டிவிட்டாள். மெஷினில் எது எங்கே இருக்கும் என்று பார்க்காமலே அவள் விரல்களுக்குத் தெரிந்திருந்தது.

நேற்று சாயங்காலத்திலிருந்து வாய்க்குள் அடக்கி வைத்திருந்த கேள்வி மரியம் பீவிக்குத் தன்னை மீறி வந்தது. "முபினு அத்தா கடைசியா எதாச்சும் சொன்னாகளா?"

"பெருசா ஒண்ணும் சொல்லலைக்கா. வெரசா கரைக்கு விடுன்னாரு. ஒண்ணுமே படலையே பாய், இன்னொரு சுத்து போவோம்னேன். வேணாம், வீட்டுல போயி மெஷினைக் கழுவணும்னாரு." அனுசியா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எப்பவும் இதே பாட்டுதான். கழுவுறதுக்கு இங்க என்ன உப்பா இருக்குன்னு நானும் கேலி பண்ணுவேன். லயத்து வீடுகள்ல நாங்க குடிக்கிற தண்ணிக்கா அது. கடல்லதான் கழுவணும், இங்க சும்மா துடைச்சு வச்சாப் போதும்னு அவருதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாரு. ஆனா ஞாயித்துக்கெழமை பொழுது சாஞ்சா மனுசனைப் பிடிச்சு நிறுத்த முடியாது."

"உப்பு இல்லையா?"

"மலைத் தண்ணில ஏதுக்கா உப்பு? மழைத் தண்ணி கணக்கா இருக்கும்."

மரியம் பீவி தொட்டித் திட்டில் உட்கார்ந்தாள். அந்த ஏரியை அவள் பார்த்ததே இல்லை. மீன் இருக்கும் பெரிய தண்ணீர் என்றால் கரிக்கும் என்றே இருந்துவிட்டாள். அவரும் உப்பு உப்பு என்றே சொல்லி, உப்பே படாத கம்பிக்கு ஞாயிறுதோறும் அவளை ஊற்ற வைத்திருக்கிறார்.

உள்ளே ஜன்னத் கூப்பிட்டாள். "மரியம், புருசன் போயி இத்தாவுல வீட்டுக்குள்ள இருக்க வேண்டியவ கொல்லையில என்ன பண்ற? உள்ள வா."

அவள் செம்பை எடுத்தாள்.

"கம்பியை இழுத்துப் பிடி."

அனுசியா இழுத்தாள். கொல்லைச் சுவர் வரைக்கும் போய்த் திரும்பி நின்றாள். மரியம் பீவி ஊற்றினாள். தண்ணீர் கம்பியோடு கொஞ்ச தூரம் ஓடி, மினுங்கிச் சொட்டியது. ஊற்றிக்கொண்டே இருந்தாள். அனுசியாவின் காலடி மண் சேறாயிற்று.

"போதும்க்கா. சுத்தமாத்தான் இருக்கு."

அனுசியா கம்பியைச் சுவரில் மாட்டிவிட்டு அருகே வந்தாள். கையை நீட்டினாள்.

"நீங்க உக்காருங்க. குடுங்க, நான் ஊத்துறேன்."

மரியம் பீவி செம்பைக் கொடுக்கவில்லை. தொட்டியில் மறுபடி முக்கினாள்.