நான்காவது பச்சைப் பொட்டலம்

எட்டு வருடமாக மலைச்சரிவுச் சேற்றில் நின்று மான்நிங் தன் ஆய்வுக்காகப் பதிவு செய்த தவளைக் குரல்கள் அத்தனையும் டிவிக்குப் பக்கத்தில் இருந்த கறுப்புப் பெட்டிக்குள் இருந்தன. வீட்டு வைஃபையில் இணைந்த சேமிப்புப் பெட்டி. வாங்கி வைத்தவன் கணவன் யூஷுவான். "உள்ள ரெண்டு டிஸ்க் இருக்கு. ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு காப்பாத்தும். லேப்டாப்ல இருக்கிறத அழிச்சிடு" என்று அடித்துச் சொன்னவனும் அவன்தான். அவளும் நம்பி அழித்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை ஒரு டிஸ்க் செத்தது.

புதியதைச் செருகியாயிற்று. உயிரோடிருந்த பழையதிலிருந்து எல்லாம் இதற்கு வந்து சேரப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் பழையதும் மண்டையைப் போட்டால் எட்டு வருடம் போச்சு. பெட்டியோ பாதி தூரம்கூடப் போகாமல் தானாகவே அணைந்தது. திரும்பப் போட்டால் முதலிலிருந்து ஆரம்பித்தது.

யூஷுவான் சின்சூ நகரில் சிப் ஆலைப் பொறியாளன். அங்கே கோடிக்கணக்கில் விலைபோகும் இயந்திரத்தின் தலையிலும், அது மக்கர் செய்யாமலிருக்க, ஒரு பொட்டலம் சோளப்பொரி உட்கார்ந்திருக்கும். 'சமர்த்தாயிரு' என்பதுதான் அதன் பெயரே. விளக்கு பச்சையாக எரிய வேண்டுமானால் பொட்டலமும் பச்சையாக இருக்க வேண்டும். மஞ்சள் பொட்டலம் வைத்தவனை அங்கே யாரும் மன்னிப்பதில்லை. பெட்டி அணையும்போதெல்லாம் அவன் கடைக்கு ஓடி ஒரு பொட்டலம் வாங்கிவந்து, விழாமல் சுவரோரமாகச் செருகினான்.

"காலாவதி தேதி பாத்துத்தானே வாங்கின?" என்றாள்.

"சிரிக்காத. எங்க ஆலையில ஒருத்தன் பசி தாங்காம பிரிச்சுத் தின்னுட்டான். மூணு நாள் வேலை நின்னுச்சு."

ஞாயிறு காலைக்குள் நான்கு பொட்டலம் ஆயிற்று. தவளை எப்போது கத்துகிறது, எப்போது நிறுத்துகிறது என்று குறித்துவைத்தே பழகியவள் மான்நிங். இதையும் குறித்து வைத்திருந்தாள். முதலில் நாற்பது சதவீதத்தில் அணைந்தது. பிறகு முப்பத்தொன்று, இருபது, பன்னிரண்டு.

"இங்க பாரு. பொட்டலம் கூடக்கூட சீக்கிரமா அணையுது."

"அப்ப இன்னும் பத்தலன்னு அர்த்தம்!"

அவள் தரையில் குப்புறப் படுத்துப் பெட்டியில் காதை வைத்தாள். உள்ளே விசிறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பின்பக்கம் கையை விட்டால் அனல். காற்று வெளியேறும் ஓட்டைகளைப் பொட்டலங்கள் இறுக்கமாக அடைத்திருந்தன.

"எடுக்காத!" அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் முகத்தில் விளையாட்டே இல்லை. "நான் சொல்லித்தான் நீ அழிச்ச. இதுவும் போச்சுன்னா உன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

அவனுக்கு இவ்வளவு பயம் இருக்கிறதென்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கோபம் பாதி வடிந்தது.

"நீயே எடு. அதுங்ககிட்ட மன்னிப்பு கேட்டுக்கிட்டே எடு."

நான்கையும் எடுத்தான். அவற்றுக்கும் பின்னால், ஓட்டையோடு ஒட்டிக்கொண்டு, பெட்டி வாங்கிய அன்றே வைத்த பொட்டலம் ஒன்று கசங்கிக் கிடந்தது. அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப மொத டிஸ்க்கு செத்ததும் இதனாலதான்..."

"ஆமா."

சூடு இறங்கியது. அன்று மாலையே எல்லாம் புதிய டிஸ்க்குக்கு வந்து சேர்ந்து விளக்கு பச்சைக்கு மாறியது. மான்நிங் ஒரு ஒலிக்கோப்பைத் திறந்தாள். மரத்தவளை ஒன்று அறை அதிரக் கத்தியது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் இன்னொரு டிஸ்க் வாங்கி, எல்லாவற்றையும் அதில் நகலெடுத்து அலுவலகப் பைக்குள் வைத்தாள்.

"என்மேல நம்பிக்கை இல்லையா?" என்றான்.

"உன்ன நம்புறேன். நீ நம்புறதத்தான் நம்ப முடியல."

அவன் பையின் ஜிப்பை இழுத்து மூடிக் கொடுத்தான்.