உடனே சரிபண்ணிடலாம்

சலவை இயந்திர நிறுவனம் ஒன்றின் புகார்ப் பிரிவில் அவளை எல்லோரும் ‘ஐஸ் அக்கா’ என்றே அழைத்தனர். தொலைபேசியில் எவரேனும் வசைபாடத் தொடங்கினால், அந்த அழைப்பை அவள் பக்கம் தள்ளிவிடுவது அங்கே எழுதப்படாத சட்டம். அவள் குறுக்கிடாமல் கேட்பாள். கேட்டபின், பேசுபவரின் உணர்ச்சி இன்னதென்று அவரிடமே எடுத்துரைத்து, ஒரு மூச்சு விடும் நேரம் பொறுப்பாள். அதன் பின்னரே, “உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. உடனே சரிபண்ணிடலாம்” என்பாள். கொதித்துக்கொண்டிருந்தவர் தணிந்து, சில வேளைகளில் மன்னிப்பும் கேட்பார். இவ்வித்தையை அவள் பிரிவிலிருந்த அனைவருக்கும் கற்பித்தாள். மேலாளரும் அவ்வகுப்பில் அமர்ந்தவரே. அதற்குப் பரிசாக அவளுக்கு ஒரு பதவி உயர்வு கிடைத்தது: கோபக்காரர்களிடம் மட்டுமே பேசும் இருக்கை.

ஒரு மாலை, பள்ளிக்குச் செல்லாமல் ஊர் சுற்றிய அவள் மகள் வீட்டில் அகப்பட்டுக்கொண்டாள்.

“நீ பயந்துபோய்த்தான் என்கிட்ட மறைச்சேன்னு எனக்குப் புரியுதும்மா” என்றாள் அவள்.

“நான் என்ன உன் கஸ்டமரா? திட்டணும்னா திட்டித் தொலையேம்மா!”

திட்டவே முயன்றாள். திறந்த வாயிலிருந்து இனிமையே வந்தது. மகள் கதவை அறைந்து சாத்திக்கொண்டாள்.

மறுநாளே அவள் உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றல் கேட்டாள். பெல்ட்டுகளும் மோட்டார்களும் யாரையும் ஏசுவதில்லை. கிடங்குப் பொறுப்பாளர் அவளுக்காக ஓர் இடத்தை வைத்துக் காத்திருந்தார். மேலாளரின் ஒப்புதல் ஒன்றே எஞ்சியிருந்தது.

“உக்காருங்கம்மா” என்றார் மேலாளர், தம் கண்ணாடி அறையில். “நீங்க ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க. எனக்குப் புரியுது.” பின்னர் ஒரு மூச்சு விடும் நேரம் பொறுத்தார்.

தன் பாடம் தன்மீதே ஏவப்படுவதை அவள் கண்டுகொண்டாள். “அப்ப கையெழுத்துப் போட்டுடுங்க சார்” என்றாள், பிடிகொடுக்காமல்.

அவர் முகம் வாடியது. “நீங்க போயிட்டா நான் அம்போன்னு நிப்பேம்மா. நேத்துதான் மேலிடத்துல என்னை உண்டு இல்லைன்னு ஆக்கினாங்க. வீட்டுல யார்கிட்டயும் சொல்லக்கூட முடியல.” அவர் குரல் உடைந்தது. அது நடிப்பன்று.

உடைந்த குரல் செவியில் விழுந்த கணமே, அவளுள் பழகிப்போன ஒன்று தானாக இயங்கிற்று.

“உங்க கஷ்டம் எனக்குப் புரியுது சார். உடனே சரிபண்ணிடலாம்.”

சொன்னது தானே என்பதை அவள் உணர்வதற்குள் அவர் தொலைபேசியை எடுத்துவிட்டார். “கிடங்கா? அவங்க இங்கயே இருக்கேன்னுட்டாங்க. நீங்க வேற ஆளப் பாத்துக்கோங்க.”

“சார், நான் அப்படிச் சொல்லலையே” என்றாள். அக்குரலும் பட்டுப்போல் இருந்தமையால், அதிலிருந்த மறுப்பு அவருக்கு எட்டவேயில்லை.

“தெய்வம்மா நீங்க!” என்றார்.

இருக்கைக்குத் திரும்பியவளைப் பக்கத்து இருக்கைப் பெண் கண்சிமிட்டி வரவேற்றாள். “என்னக்கா, கிடங்குக்கு மூட்டை கட்டியாச்சா?”

“அவரைச் சமாதானப்படுத்திட்டு வந்துட்டேன்டி.”

“அட ராமா! உன் கோவத்த எங்கக்கா வச்சுத் தொலைச்ச?”

“அதைத்தான் தேடிட்டிருக்கேன்.”

தொலைபேசியின் அழைப்பு விளக்கு மின்னியது. புதிதாய் வாங்கிய இயந்திரம் வீடெல்லாம் நீரைக் கொட்டிவிட்டதென்று ஒருவர் கத்தினார். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

“நீங்க கோவமா இருக்கீங்க” என்றாள். வழக்கம்போல் ஒரு மூச்சு பொறுத்தாள். அந்த இடைவெளியில், பிறரைக் குறித்தே இதுகாறும் சொல்லிவந்த அச்சொல் தனக்கும் உரியதென அவளுக்குத் தைத்தது. “நானும்தான் ஐயா. லைன்லயே இருங்க. சரிபண்ண அதிகாரம் உள்ளவர்கிட்டயே கொடுக்கறேன்.”

அழைப்பை மேலாளருக்குத் தள்ளினாள். கண்ணாடிக்கு அப்பால் அவர் புன்னகையோடு பேசத் தொடங்கி, சற்று நேரத்தில் தொலைபேசியைக் காதிலிருந்து விலக்கிப் பிடித்தார். திரும்ப எடுத்துக்கொள்ளுமாறு அவளுக்குச் சைகை காட்டினார். அவள் எழுந்து சென்று அவர் கதவைத் திறந்தாள்.

“எனக்கு மாற்றல் வர்ற வரைக்கும் கோவக்காரங்கள்ல பாதிப் பேரு உங்களுக்குத்தான் சார்.” குரல் நடுங்கியது, ஆனால் இனிமை துளியும் இல்லை.

அவர் தொலைபேசியின் வாயைப் பொத்திக்கொண்டார். “கிடங்குல அந்த இடம் போயிடுச்சேம்மா!”

“அப்ப அடுத்த இடம் வர்ற வரைக்கும்.”

அவள் இருக்கைக்கு மீண்டாள். அவளுக்கென்று அந்தக் கூடத்தில் வேறு இருக்கை இல்லை. அடுத்த விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. இது தன் முறை என்று, அவளே எடுத்தாள்.