டாக்டர் நடராஜாவின் கையெழுத்து

காளிதாசனின் வலது கை விளங்காமல் போனதற்குத் தாதி வாசுகி மிஸ்ஸிதான் காரணம் என்று செர்டாங் பக்கத்துத் தோட்டங்களில் எல்லோரும் நம்பினார்கள். விசாரணை அறிக்கையிலும் அப்படித்தான் இருந்தது. அதற்கு ஆதாரமாக இருந்தது டாக்டர் நடராஜா எழுதிக் கொடுத்த வாக்குமூலம்.

நடந்தது வேறு. இரண்டு வருடங்களுக்கு முன், செம்பனைக் குலை வெட்டும் காளிதாசன் மூச்சுத் திணறலோடு அந்தச் சிறிய அறக்கட்டளை மருத்துவமனைக்கு வந்தான். அவனுக்குத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. வாசுகி அப்போது வார்டுக்குத் தலைமைத் தாதி. டாக்டரோ மதியம் இரண்டு மணியானால் பட்டணத்திலிருந்த தன் சொந்தக் கிளினிக்குக் கிளம்பிவிடுவார். போனில், "அந்த ஆஸ்திரேலியா பையன் எடுக்கட்டும், அனுபவம் வேணும்ல" என்றார். மெல்பர்னிலிருந்து பயிற்சிக்கு வந்திருந்த மாணவன் முழங்கை மடிப்பில் ஆறு முறை குத்தினான். உள்ளே ரத்தம் கசிந்து கை வீங்கியது. வாசுகி மூன்று முறை டாக்டரை அழைத்தாள். "ஐஸ் வைங்க" என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பினாங்குக்குக் கொண்டுபோய்க் கையைத் திறந்து பார்த்தபோது நரம்பு நசுங்கிப் போயிருந்தது.

ரத்தம் எடுத்தபோது தான் கட்டிலருகிலேயே நின்றதாகவும், பிறகு வந்த வீக்கத்தைப் பற்றித் தாதி வாயே திறக்கவில்லை என்றும் டாக்டர் எழுதிக் கொடுத்தார். மாணவன் அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்திருந்தான். மூச்சுத் திணறிக் கிடந்த காளிதாசனுக்கு யார் பக்கத்தில் நின்றார்கள் என்பதே நினைவில்லை. வாசுகிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. தலைமைப் பொறுப்பும் போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாசாரில் காளிதாசனின் மனைவி குணசுந்தரி அவளை வழிமறித்தாள்.

"உங்க கை நல்லா இருக்குல்ல மிஸ்ஸி?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

வாசுகி மீன் வாங்காமலே வீடு திரும்பினாள். வேலையை விட்டுவிடச் சொன்னான் கணவன் பரஞ்சோதி.

"நான் போயிட்டா அந்தாளு நிம்மதியா இருப்பான். இருக்க விடமாட்டேன்" என்றாள் அவள்.

அன்றிலிருந்து காத்திருந்தாள். டாக்டருக்குத் தினமும் வணக்கம் சொன்னாள். அவர் கேட்கும் கோப்புகளை அவர் கேட்பதற்கு முன்பே எடுத்து வைத்தாள்.

இந்த வருடம் மெல்பர்னின் அதே பல்கலைக்கழகத்திலிருந்து அலன், வனேசா என்று இருவர் பயிற்சிக்கு வந்தார்கள். வனேசாவின் அப்பா இந்த நாட்டில் மெர்கோங்கில் பிறந்து மெல்பர்னில் குடியேறியவர். வீட்டில் கேட்டுப் பழகிய தமிழை அவள் தயங்கித் தயங்கிப் பேசினாள். முதல் நாளே தன் பயிற்சிப் பதிவேட்டை வாசுகியிடம் காட்டினாள். செய்த சிகிச்சை, தேதி, மேற்பார்வை என்று கட்டங்கள் இருந்தன. வாரா வாரம் டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும்.

"அக்கா, இந்த மேற்பார்வை கட்டத்துல டாக்டர் பேர் மட்டும் போட்டா போதுமா?"

வாசுகி பதிவேட்டை வாங்கி அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

"உள்ளத உள்ளபடி எழுதும்மா. எத்தன மணிக்கு செஞ்சீங்க, பக்கத்துல யாரு நின்னா, டாக்டர் எங்க இருந்தாரு, போன்ல என்ன சொன்னாரு, எல்லாத்தையும் எழுது. பொய் எழுதினா பின்னால மாட்டிக்கிட்டு உனக்குத்தான் சூசா."

வனேசா அப்படியே எழுதினாள். அலனையும் எழுத வைத்தாள். அவர்கள் ஊசி பிடித்தபோதெல்லாம் வாசுகி பக்கத்திலேயே நின்றாள். நோயாளி யாருக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் கேண்டீனில் டாக்டர் பதிவேட்டைப் புரட்டுவார். எதையும் படிக்கமாட்டார். தேநீர் ஆறுவதற்குள் அத்தனை பக்கங்களிலும் கையெழுத்து விழுந்துவிடும். வனேசாவின் அனுமதியோடு வாசுகி ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துக்கொண்டாள். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தாள்.

ஐந்தாவது வாரம் அழகம்மா என்ற நோயாளி வந்தாள். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. மூன்று மணிக்கு வனேசா டாக்டரை அழைத்தாள்.

"நீயே முதுகுல ஊசி போட்டு எடுத்துரு. வாசுகி இருக்காங்கல்ல" என்றார் அவர்.

வனேசா அதை இரண்டு முறை பார்த்திருந்தாள், ஒரு முறையும் செய்ததில்லை. முகம் வெளுத்துப் போய் கையுறை மாட்டினாள். வாசுகி தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். ஊசி சற்றுத் தவறினால் நுரையீரல் ஓட்டையாகிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். அப்படி ஆனால் டாக்டர் தப்பிக்க வழியே இருக்காது. இரண்டு வருடமாக எதற்குக் காத்திருந்தாளோ அது கையருகே வந்து நின்றது. அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, பேசாமல் இருந்தால் போதும். அவள் பேசாமல்தான் இருந்தாள். வனேசா அழகம்மாவின் முதுகில் மருந்து தடவி இடம் தேடத் தொடங்கிவிட்டாள்.

"மிஸ்ஸி, ரொம்ப வலிக்குமா?" என்று அழகம்மா குனிந்தபடியே கேட்டாள்.

வாசுகிக்குத் தன் மீதே அருவருப்பாக இருந்தது.

"ஊசிய கீழ வை" என்றாள். வனேசாவின் கையிலிருந்து தானே வாங்கித் தட்டில் போட்டாள். பெரிய மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ் சொன்னாள். அரை மணி நேரத்தில் டாக்டர் போனில் கத்தினார்.

"யாரு ஒங்கள அனுப்பச் சொன்னது? மறுபடியும் கடிதம் வாங்கணுமா லா?"

"மன்னிச்சுக்குங்க டாக்டர்" என்று பணிவாகச் சொல்லிவிட்டு வனேசாவிடம் திரும்பினாள். "இதையும் எழுது. அவர் சொன்ன வார்த்தைய மாத்தாம எழுது."

அந்த வெள்ளிக்கிழமை டாக்டர் அதிலும் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை அத்தனை படங்களும் அறக்கட்டளைக் குழுவுக்கும் மெல்பர்னுக்கும் போய்ச் சேர்ந்தன. கூடவே, காளிதாசன் வந்த நாளுக்கான பட்டணத்துக் கிளினிக்கின் நோயாளிப் பட்டியலையும் பாருங்கள் என்று வாசுகி எழுதியிருந்தாள்.

விசாரணையில் குழுத் தலைவி பிரேமாவதி, பயிற்சி மாணவர்களுக்குப் பக்கத்தில் எப்போதும் இருப்பீர்களா என்று கேட்டார். டாக்டர், "எப்பவும் இருப்பேன்" என்றார். பிரேமாவதி பக்கங்களை ஒவ்வொன்றாக அவர் முன் வைத்தார். 'டாக்டர் இல்லை, போனில் அனுமதி' என்று இருபத்துமூன்று இடங்களில் இருந்தது. கீழே அவர் கையெழுத்து. கடைசியாக, குழு வரவழைத்திருந்த கிளினிக் பட்டியல் வந்தது. காளிதாசனின் கட்டிலருகே நின்றதாகச் சொன்ன நேரத்தில் அவர் அங்கே ஒன்பது பேருக்கு மருந்து எழுதியிருந்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு முதல் தடவையாக வாசுகியைத் திரும்பிப் பார்த்தார். அவள் பார்வையை எடுக்கவில்லை.

அவர் வேலை போனது. மருத்துவ மன்றத்துக்குப் புகார் போனது. வாசுகியின் எச்சரிக்கைக் கடிதத்தைக் குழு ரத்து செய்தது. மேற்பார்வை இல்லாததால் அலன், வனேசா இருவரின் பயிற்சியும் செல்லாதென்று பல்கலைக்கழகம் அறிவித்துத் திரும்பி வரச் சொன்னது. வனேசா பெட்டியோடு வார்டுக்கு வந்தாள்.

"என்னை யூஸ் பண்ணீங்களா அக்கா?"

"ஆமா."

"சொல்லியிருந்தா நானே எழுதிக் குடுத்திருப்பேன்."

"உன்ன நம்ப எனக்குத் தைரியம் வரல. முன்ன வந்தவன் ஒரு வார்த்த பேசாம போயிட்டான்."

வனேசா அழுதாள். வாசுகி மன்னிப்புக் கேட்டாள். ஆனால் செய்ததற்காக வருந்தினாளா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள்.

சனிக்கிழமை காலை குழுவின் கடிதத்தை எடுத்துக்கொண்டு காளிதாசன் வீட்டுக்குப் போனாள். அவன் இப்போது தொழிற்சாலை ஒன்றின் வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகா வேலை பார்த்தான். குணசுந்தரி கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு வாசுகிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"கை திரும்பாதுல்ல மிஸ்ஸி?" என்றான் காளிதாசன்.

"திரும்பாதுப்பா. இழப்பீடு கேட்கலாம், வக்கீல் இருக்காரு. ஆனா கை திரும்பாது."

அவன் விறைத்த விரல்களை மடிமீது வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தான்.

"அந்தாளு மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

வாசுகி சொன்னாள். கேள்வி, பதில், ஒவ்வொரு பக்கமாக மேசையில் விழுந்தது, ஒன்றையும் விடவில்லை. காளிதாசன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். குணசுந்தரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"மொதல்லேருந்து சொல்லுங்க மிஸ்ஸி" என்றான் அவன். "மெதுவா சொல்லுங்க."