முட்டை வண்டிக்குப் போட்ட புஷ்

எங்கள் அம்பாசடர் காருக்குப் பின்சீட்டு கிடையாது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, பலகை அடித்து, சுமை தாங்குவதற்காக ஜீப் வண்டியின் ஸ்பிரிங் பட்டை ஒன்றையும் பின்னால் சேர்த்துக் கட்டியவர் என் வீட்டுக்காரர் நல்லகாமன். வெறும் வண்டியாக நிற்கும்போது பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். பார்க்கிறவன் எல்லாம் சிரிப்பான். சிரிக்கட்டுமே, எங்கள் முட்டை அதில்தான் மதுரைக்குப் போனது.

எண்பத்திரண்டு வறட்சியில் கிணறு வற்றிப்போன பிறகு, சமயநல்லூருக்கு மேற்கே இருந்த எங்கள் காட்டில் கோழிப்பண்ணை போடலாம் என்று சொன்னவள் நான். "மாயக்கா கோழி மேய்க்கப் போறாளாம்டா" என்று என் கொழுந்தன்மார் இரண்டு பேரும் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்கள். பண்ணை படுத்தால் நிலத்தை விற்றுப் பங்கு பிரிக்கலாம் என்று அவர்களுக்கு ஆசை. அதனால் பண்ணை படுக்கக் கூடாது. எனக்கு அது ஒன்றுதான் வைராக்கியம்.

எங்கள் முட்டையில் பெரும்பகுதியை வாங்கியவர் வில்லாபுரத்தில் புரோட்டா கடை வைத்திருந்த காசிமாயன் அண்ணன். அவர் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் அட்டைக்கு நாலு, ஐந்து என்று உடைந்துவிடும். பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஷாக் அப்சார்பரின் காதுக்குள் ஒரு ரப்பர் புஷ் இருக்கும். அது கிழிந்தால் இரும்பும் இரும்பும் இடிக்கும். டக்கு டக்கென்று அது போடும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு முட்டையைக் கணக்கில் கழித்துக்கொள்வேன். புது ரப்பர் போட்டாலும் பத்து நாள் தாங்காது. வெறுத்துப்போன என் வீட்டுக்காரர், ரப்பரே வேண்டாம் என்று நைலான் கட்டையைக் கடைசலில் கொடுத்துக் கடைந்து மாட்டினார்.

"ஆயுசுக்கும் தேயாது பாரு" என்றார்.

தேயவில்லைதான். ரோட்டில் கிடந்த கல்லெல்லாம் நேராக முட்டைக்கே வந்து இடித்தது. அதை மாட்டிக்கொண்டு போன அன்றைக்கு வில்லாபுரத்தில் டிக்கியைத் திறந்தால் மஞ்சள் கரு வழிந்து ஓடுகிறது.

காசிமாயன் அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"தங்கச்சி, நாமக்கல் முட்டை லாரிக்காரன் தினமும் வந்து நிக்கிறான். வெள்ளிக்கிழமை கொண்டாங்க, பாப்போம். அன்னைக்கும் இப்படித்தான்னா என்னைத் தப்பா நினைக்காதீங்க" என்றார்.

வீட்டு வாசலில் இறங்கியதும் வெடித்தேன்.

"உங்க நைலானத் தூக்கிக் கெணத்துல போடுங்க! இந்தத் தடவ கடைக்கு நானும் வாரேன். புஷ்ஷு நான்தான் எடுப்பேன்."

"ஆமா, நீ பெரிய மெக்கானிக்கு."

"மெக்கானிக்கு இல்ல. கோழிக்காரி. ஒடையிறது என் முட்டை."

வியாழக்கிழமை காலையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனோம். கடைக்காரர் மூன்று தினுசு எடுத்துப் போட்டார். ஒன்று லாரி டயரை அறுத்துச் செய்தது. நகத்தை ஊன்றினால் நகம்தான் உடையும். இன்னொன்று பளபளவென்று அழகாக இருந்தது. அழுத்தினால் அமுங்கி அப்படியே குழியாக நின்றது, எழும்பவில்லை. மூன்றாவது, நடுவில் இரும்புக் குழாய் வைத்து ரப்பரை அதோடு ஒட்ட வார்த்தது. கத்திரிக்காய் பொறுக்குவதுபோல் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன். கொஞ்சம் கொடுத்தது, விட்டதும் சட்டென்று எழுந்துகொண்டது.

"இதுதான்" என்றேன்.

"இதைத்தானடி மூணு தடவ போட்டுக் கிழிஞ்சது!" என்று தலையில் அடித்துக்கொண்டார் என் வீட்டுக்காரர்.

"ரப்பர் மேல தப்பில்ல. வேற எங்கயோ இருக்கு."

எங்கே என்று எனக்கும் தெரியாது. வாய் முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

ஆரப்பாளையத்தில் மெக்கானிக் கண்ணுச்சாமியின் பட்டறை. ஜாக்கி போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, புஷ்ஷை மாட்டி, நட்டை மூச்சைப் பிடித்து இறுக்கினான். நான் பக்கத்திலேயே குந்தியிருந்தேன். "அக்கா, சேலை கிரீஸாயிரும், தள்ளுங்க" என்றான். நான் தள்ளவில்லை. சக்கரத்தை மாட்டி ஜாக்கியை இறக்கியபோது குனிந்து பார்த்தேன். வண்டி தாழத் தாழ, ஷாக்கின் காது திரும்பியது. உள்ளே இருந்த குழாய் நட்டில் கடித்துக்கொண்டு அசையவே இல்லை. நடுவில் மாட்டிய புது ரப்பர் முறுக்கிக்கொண்டு நின்றது. இன்னும் ஒரு முட்டைகூட ஏறவில்லை, அதற்குள் இந்தக் கதி.

"அட பாவிகளா!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா?"

"கண்ணுச்சாமி, ஒம் பொண்டாட்டியக் கேளு. நின்னுக்கிட்டு இறுக்கிக் கட்டுன பாவாடை நாடா, ஒக்காந்தா என்ன செய்யும்? இடுப்ப அறுக்கும்! நீ வண்டிய நிக்கவச்சு நாடாவக் கட்டுற. அது சொமையோட ஒக்காந்துதானே ஓடுது? ஒக்காரவச்சுக் கட்டு!"

பட்டறையே சிரித்தது. என் வீட்டுக்காரர் வெட்கத்தில் வேறு பக்கம் பார்த்தார். கண்ணுச்சாமி மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து அந்த முறுக்கைப் பார்த்தான், நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"சாதா காருக்கு இம்புட்டுத் தெரியாதுக்கா. நீங்க பின்னால தூக்கி வச்சிருக்கீங்கள்ல, வெறும் வண்டிக்கும் சொம ஏத்துன வண்டிக்கும் ஒரு சாண் வித்தியாசம். சரி, நட்ட லூசு பண்றேன். சொமைக்கு எங்க போறது? முட்டை பண்ணையில கெடக்கு."

"மனுசங்க இருக்காங்கள்ல?"

டீக்கடையைப் பார்த்துக் கும்பிட்டேன். "அண்ணே, மாமா, எல்லாரும் வாங்க. வண்டிக்குள்ள செத்த நேரம் ஒக்காந்தாப் போதும். டீ ஏஞ் செலவு!" டீ என்றதும் வராத ஆள் உண்டா? பலகைமேல் சம்மணம் போட்டு, ஒருத்தர் மடியில் ஒருத்தராக ஏறினார்கள். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரோடு ஏறினார். "எங்க போறோம் தாயி?" என்று கேட்டார் ஒரு பெரியவர். "எங்கயும் போகல, அசையாம இருங்க!" என்று அதட்டினேன். தினமும் சுமை ஏற்றிப் பார்த்ததில் பின்மட்கார்டு எவ்வளவு தாழும் என்று எனக்குத் தெரியும். "இன்னொரு ஆள்" என்றேன். வேறு வழியில்லாமல் என் வீட்டுக்காரரும் ஏறினார். வண்டி சரியாக உட்கார்ந்தது.

கண்ணுச்சாமி அடியில் படுத்தபடியே நட்டை இறுக்கினான். எட்டிப் பார்த்தேன். ரப்பர் முறுக்கில்லாமல் நிம்மதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அட்டை அட்டையாக அடுக்கிக்கொண்டு கிளம்பினோம். நான் முன்சீட்டில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வைகைப் பாலத்தில் ஏறினோம், சத்தமில்லை. தெற்குவாசல் பக்கம் ஆளை விழுங்கும் பள்ளம் ஒன்று இருந்தது. என் வீட்டுக்காரர் பிரேக்கை மிதிக்கும் முன்பே வண்டி அதில் இறங்கிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். பொதுக்கென்று அமுங்கி எழுந்து வண்டி தன்பாட்டுக்குப் போனது.

"என்னடி இது, கப்பல் மாதிரி போகுது!" என்றார் அவர். கல்யாணமானதிலிருந்து அந்த மனுசன் முகத்தில் நான் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

வில்லாபுரத்தில் காசிமாயன் அண்ணன் தானே வந்து டிக்கியைத் திறந்தார். முதல் அட்டையைத் தூக்கி அடியில் பார்த்தார். ஈரமில்லை. அடுத்தது, அதற்கடுத்தது என்று கடைசி அட்டை வரைக்கும் பார்த்தார்.

"மாப்ள, ஒண்ணுகூட ஒடையலையேய்யா!"

"என்னைய ஏன் கேக்குறீங்க மச்சான்? ஒங்க தங்கச்சியக் கேளுங்க. அவதான் புஷ்ஷு எடுத்தா, அவதான் மாட்ட வச்சா" என்றார் என் வீட்டுக்காரர், தெருவுக்கே கேட்கிற மாதிரி. கொழுந்தன்மார் இரண்டு பேரும் அந்த இடத்தில் இல்லாமல் போனார்களே என்று எனக்கு ஒரே வருத்தம்.

"இனி லாரிக்காரன இந்தப் பக்கம் வரவேணாம்னு சொல்லிருறேன்" என்ற காசிமாயன் அண்ணன், பெஞ்சைத் துண்டால் துடைத்தார். "ஒக்காரு தங்கச்சி."

ஆம்பிளைகளுக்கு நடுவே, கடையின் முன்பெஞ்சில், நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். அவர் எங்கள் அட்டையிலிருந்து ஒரு முட்டையை எடுத்துப் புரோட்டாக் கல்லின் ஓரத்தில் தட்டினார். அன்றைக்கு எங்கள் முட்டையில் முதலில் உடைந்தது அதுதான். அதுவும் எனக்காக உடைத்தது.