கூட்டாளி சொன்ன பேர்

"கூட யாரு? பேரைச் சொல்லு, உன்னை விட்டுடுறோம்" என்று நூல் கிடங்குத் திருட்டில் பிடிபட்ட பூட்டுக்காரரைப் போலீஸ்காரர் கேட்டபோது, அவருக்குக் கிடங்கின் காவலாளி முகம்தான் முதலில் கண்ணில் வந்து நின்றது. கள்ளச்சாவி கேட்டதும் கிடங்கைத் திறந்ததும் அவன்தான். முள்ளுக்கரடி என்று பட்டப்பெயர். அவனைக் காட்டிக்கொடுத்தால் வெளியே போயும் உயிர் தங்காது. வாயில் வந்தது மனைவியின் தம்பி, தன் மச்சான் பேர். வேலைவெட்டி இல்லாமல் வீட்டோடு கிடப்பவன்தானே, போனால் போகிறான் என்று அவருக்கு ஒரு கணம் தோன்றிவிட்டது.

அந்தக் காலத்தில் கூட்டாளி கைகாட்டினால் போதும், மற்றவனுக்குச் சிறை நிச்சயம். வேறு சாட்சி எங்கே என்று யாரும் கேட்டதில்லை.

"சாவியை அராவினது அவன்தாங்க. என் பட்டறையிலேயே, என் கண்ணு முன்னால" என்று கோர்ட்டில் சாட்சி சொன்னார் பூட்டுக்காரர். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவியின் பக்கம் அவர் திரும்பவில்லை.

"என்ன மாமா இது?" என்றான் கூண்டிலிருந்த மச்சான். "நான் பட்டறைக்கு வர்றதே உங்களுக்கு டீ கொடுக்கத்தானே! அதையும் பாதி வழியில சிந்திடுவேன்னு நீங்கதானே திட்டுவீங்க?"

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை.

"இவர் வாய்ச்சொல்லைத் தவிர வேற என்ன இருக்கு?" என்று அரசு வக்கீலைக் கேட்டார்.

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லைங்களே, ஐயா."

"நான் கேக்கறேன்."

அரமும் வெட்டாத சாவி ஒன்றும் வந்தன. "அராவிக் காட்டுப்பா" என்றார் நீதிபதி.

மச்சான் அரத்தைக் கத்திபோலப் பிடித்து, முன்னும் பின்னும் பரக்கப் பரக்க இழுத்தான். அந்தக் கிறீச்சொலியில் பூட்டுக்காரருக்குப் பல் கூசியது. முப்பது வருஷத் தொழில் அவரைக் கேட்காமலே வாயைத் திறந்துவிட்டது.

"டேய், பின்னால இழுக்காதடா! தள்ளும்போதுதான் அறுக்கும். அரம் பாழாப்போகுது! ஜென்மத்துல ஒரு தடவையாவது அதைத் தொட்டிருக்கியாடா நீ?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. மச்சான் அரத்தை மெல்லக் கீழே வைத்தான். நீதிபதி திட்டவில்லை, குரல் உயர்த்தவில்லை. குனிந்து எழுதத் தொடங்கினார். திட்டியிருந்தால் தேவலை.

மச்சான் விடுதலையானான். பூட்டுக்காரரைக் கைவிலங்கோடு அழைத்துப் போகும்போது மனைவி வழியில் நின்றாள்.

"இனிமே நீங்க மழை பெய்யுதுன்னு சொன்னாலும், வெளிய கை நீட்டிப் பார்த்துட்டுத்தான் நம்புவேன்."

அவர் நடையை எட்டிப் போட்டார்.

சில மாதம் கழித்து, சிறையில் ஓர் இளைஞன் சாப்பாட்டுத் தட்டோடு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நாளைக்கு எனக்குத் தீர்ப்புண்ணே. கூட்டாளி என்னைப் பொய்யா மாட்டிவிட்டுட்டான். இப்பல்லாம் கூட்டாளி சொன்னா மட்டும் போதாதாம், வேற சாட்சியும் வேணுமாம். ஏதோ ஒரு வழக்குலேர்ந்து வந்த வழக்கம்னு வக்கீல் சொன்னாரு. அந்தப் புண்ணியவான் யாருன்னு தெரிஞ்சா கால்ல விழுந்து கும்பிடுவேன்."

பூட்டுக்காரர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, வேறு மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.