வெள்ளைத் தாளில் ஒற்றை முகம்

அடுத்த நோட்டீஸில் வீரசிங்கம் நகத்தைப் பதித்தபோது, நிஸாம் ஓடிவந்து அவன் கையைப் பிடித்தான். பதுளை பஸ் நிலையச் சுவரின் கீழே ஏற்கெனவே கிழித்த தாள்கள் சுருண்டு கிடந்தன.

"என்னாப்பா செய்றே? பசை கூட காயல்ல!"

"கைய விடுங்க நானா" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னான் வீரசிங்கம். "அப்புத்தளை பஸ் வர்றதுக்குள்ள எல்லாத்தையும் கிழிச்சாகணும்."

"கிழிப்பியா? இது எவன் போட்டதுன்னு தெரியுமா? நான் போட்டது!"

கொழும்பில் விளம்பர வேலை பழகிவிட்டு வந்த நிஸாம், ஊரில் அச்சகம் வைத்ததும் எடுத்த முதல் வேலை அது. தீபாவளிக்குப் புடைவை விற்றுக்காட்டினால் புடைவைக் கடை அஸீஸ் முதலாளியின் அச்சு வேலை முழுவதும் அவனுக்குத்தான்.

பழைய நோட்டீஸ்களை அவன் குப்பை என்றே சொல்வான். ரோஸ் தாள், நான்கு மூலையிலும் குத்துவிளக்கு, ஊசி குத்த இடமில்லாமல் எழுத்து. எல்லாவற்றையும் தூக்கி எறிந்தான். வெள்ளைத் தாள். நடுவில் ஒரு பெண் முகம். சுற்றிலும் கறுப்புக் கோடு. அடியில், பொடி எழுத்தில் கடைப் பெயர்.

"மகன், கடப் பேரப் பாக்க டோர்ச் அடிக்கணுமே!" என்றார் அஸீஸ்.

"சும்மா இருங்க முதலாளி. எடம் விட்டாத்தான் கண்ணு மொகத்துல போய் நிக்கும்."

அந்த முகத்தைக் கூட்டாளியின் ஸ்டூடியோவில் பொறுக்கினான். இந்தியாவுக்குப் போக மனுப் போட யாரோ தேயிலைத் தோட்டத்துப் பெண் எடுத்த படம். அவளிடம் கேட்கவில்லை.

"படத்துல இருக்கிறது எம் பொஞ்சாதி, ஜெயலெட்சுமி" என்றான் வீரசிங்கம்.

நிஸாமுக்குச் சிரிப்பு வந்தது. "அட, இதுக்கா இவ்வளவு ரோஷம்? ஊரே பாக்குற அழகு! முதலாளிகிட்ட ஒரு சேல வாங்கித் தாறேன், போ."

"எங்க சனம் அழகு பாக்கல நானா. கணக்கப்பிள்ள செத்தாலும் தலைவர் செத்தாலும் எங்க தோட்டத்துக்கு இப்பிடித்தான் தாள் வரும். வெள்ளத் தாளு, கறுப்புக் கட்டம், ஒத்தப் படம். இது சாவு நோட்டீஸு."

சத்தம் கேட்டு எதிரே இருந்த தன் கடையை விட்டு வந்த அஸீஸ், தலையில் கை வைத்தார்.

"அப்ப அதுதானா! ஞாயித்துக்கெழம அப்புத்தளையில பங்கிக் குடுத்த நோட்டீஸ். அந்தப் பக்கத்துல இருந்து ஒரு குருவி கடைக்கு வரல்ல. எழவுத் தாளக் குடுத்துப் புடவ வாங்கக் கூப்பிட்டா எவன் வருவான்?"

"இல்ல முதலாளி, அடியில வாசிச்சா..."

"டோர்ச் எங்கடா?"

நிஸாமின் முகம் கறுத்தது. கோபம் வீரசிங்கத்தின் மேல் திரும்பியது.

"உம் பொஞ்சாதி உசிரோடதானே இருக்கா? கூட்டிட்டு வா! இந்தச் சுவருக்கு முன்னால நிக்கட்டும். சனம் பாத்துச் சிரிச்சிட்டுப் போகும். அதுவே எனக்கு விளம்பரம்!"

வீரசிங்கம் அடுத்த தாளைக் கிழித்தான். அது பாதியாகத்தான் வந்தது. சுவரில் ஒரு கண் மிச்சம் இருந்தது. அதை நகத்தால் சுரண்டினான். விரலில் ரத்தம் வந்தது.

அஸீஸ் மெல்ல அவன் தோளைத் தொட்டார். "ஏன் இவ்வளவு அவசரம்? அந்த பஸ்ஸுல யாரப்பா வாறா?"

"ஞாயித்துக்கெழம உங்க ஆளு எம் மாமியா பெரியாயி கையிலயும் ஒண்ணு குடுத்திருக்காரு. அதுக்கு எழுத்துத் தெரியாது. மக மொகந் தெரியும்." சுரண்டிக்கொண்டே பேசினான். "நின்ன எடத்துலயே விழுந்துருச்சு. நேத்து பொதைச்சோம். தாள மறைச்சிட்டு ஜெயலெட்சுமிகிட்ட மார்வலின்னு சொல்லி வச்சிருக்கோம். எழவு வீட்டுல இருந்து அவதான் அந்த பஸ்ல வர்றா. ஆத்தா எதைப் பாத்துச் செத்துச்சுன்னு அவளுக்குத் தெரியாது."