தையல் தெரிந்த மனைவியுடன்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது என் தலையில் உதித்த கதை அல்ல. ஒரு விளம்பரத்தில் கிடைத்தது. எங்கள் ஊர் நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கரை உடைந்து வெள்ளம் வந்த வருஷம் எது என்று தெரிய வேண்டியிருந்தது, வேறொரு கதைக்காக. (அந்தக் கதை வரவேயில்லை. யாருக்கும் நஷ்டமில்லை.) விலைக்கு வந்த ஒரு பன்றிக்கும் இருமல் மருந்துக்கும் நடுவில் இது இருந்தது:

“மார்டில் கிராமப் பள்ளிக்கு ஆசிரியர் தேவை. தையல் தெரிந்த மனைவியுடன். வீடு உண்டு.”

விக்டோரியா ராணி காலத்தில் எங்கள் கிழக்கு இங்கிலாந்துச் சதுப்பு நிலத்துக் கிராமங்களில் இது சாதாரணம். வாத்தியாருக்குச் சம்பளம். பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க அவர் மனைவி. அவளுக்கென்று தனியாக எதுவும் கிடையாது. வாத்தியார் தன் புத்தகங்களைக் கொண்டுவருவதுபோல அவளையும் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். என்னை உறுத்தியது வேறு. அந்த மனைவி செத்துப்போனால் வீடு என்ன ஆகும்?

நூலகரிடம் கேட்டேன். “வேற பொண்டாட்டி தேடிக்குவார்,” என்று சொல்லிவிட்டுத் தன் தேநீரைத் தேடிப் போனார். அவர் சொன்னது சரி என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்று மாலையே எழுத உட்கார்ந்தேன்.

(பெயர்களெல்லாம் நான் வைத்தவை. கல்லறைகளில் போய்த் தேடாதீர்கள்.)

2.

முதல் தொடக்கம்: கெஸையா பிஞ்ச்பெக் இறந்த அன்று மழை —

வேண்டாம். இங்கே யார் செத்தாலும் மழைதான்.

இரண்டாவது தொடக்கம்: மார்டில் பள்ளிக்கூடத்தில் ஒரே கூடம், ஒரே அடுப்பு, அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரச் சண்டை போடும் —

இதுவும் வேண்டாம். பள்ளிக்கூடத்தை வருணிக்க ஆரம்பித்தால் மூன்று பக்கம் போய்விடும், நான் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறேன் என்று நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். அவள் சாகும்போது ஆரம்பித்தால் அது துக்கக் கதை. அவள் இன்னும் சாகாதபோதே மற்றவர்கள் கணக்குப் போட்ட நாளில் ஆரம்பித்தால்தான் இந்தக் கதை.

2. (மறுபடியும்)

அக்டோபர் மாதம். பள்ளிக் கமிட்டியிலிருந்து இருவர் வாத்தியார் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் பாதிரியார், கமிட்டித் தலைவர். மற்றவர் வெல்பர்ன், பெரிய பண்ணைக்காரர். வாத்தியார் ரூபன் பிஞ்ச்பெக் அவர்களை உட்காரச் சொன்னான். அவன் மனைவி கெஸையா நெஞ்சுநோயோடு மாடியில் படுத்திருந்தாள். மாடித் தரைப் பலகைகளுக்கு நடுவே இடைவெளி உண்டு, கீழே பேசுவது அத்தனையும் மேலே கேட்கும். இது ரூபனுக்குத் தெரியும். வந்தவர்களுக்குத் தெரியாது.

“மிஸஸ் பிஞ்ச்பெக் எப்படி இருக்காங்க?” என்றார் பாதிரியார்.

“பரவாயில்லைங்க. கசகசாக்காய்க் கஷாயம் குடிச்சா கொஞ்சம் தூங்கறா.”

“போன வருஷமும் பரவாயில்லைன்னுதான் சொன்னீங்க,” என்றார் வெல்பர்ன். “நான் நேராப் பேசறவன், வாத்தியாரே. ஜோடிக் குதிரைன்னு சொல்லித்தான் சந்தையில வாங்கிட்டு வர்றோம். ஒண்ணு நொண்டிடுச்சுன்னா, மத்தது எவ்வளவு நல்லா இழுத்தாலும் வண்டி வாய்க்கால்லதான் போய் விழும்.”

“வெல்பர்ன்,” என்றார் பாதிரியார். கண்டிப்பதுபோல இருந்தது. ஆனால் கண்டிக்கவில்லை. “விஷயம் என்னன்னா, வசந்தத்துல இன்ஸ்பெக்டர் வருவார். பொண்ணுங்க தைச்சது எங்கேன்னு கேப்பார். காட்டலைன்னா மானியத்துல கைவெப்பார். பள்ளிக்கூடமே ஆடிப்போயிடும்.”

“மிஸ் கில்லியட் இருக்காங்களே,” என்றான் ரூபன். “சின்னப் பிள்ளைங்க வகுப்பு முடிஞ்சதும் அவங்க தையலும் எடுக்கலாமே.”

“பொண்டாட்டின்னா சும்மா வருவா. வேற ஆளுன்னா கூலி கேப்பா,” என்றார் வெல்பர்ன்.

“அது மட்டுமில்ல. கல்யாணமாகாத பொண்ணு, வீட்டம்மா இல்லாத வீட்டுக்கு வந்து போனா ஊர் சும்மா இருக்குமா?” என்றார் பாதிரியார்.

“இல்லாத வீடா?” என்றான் ரூபன்.

பாதிரியார் மடியிலிருந்த தன் தொப்பியைப் பார்த்தார். “கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்ப்போம். அப்பவும் தையலுக்கு வழி பிறக்கலைன்னா, வீட்டைக் காலி பண்ணித்தான் ஆகணும். எனக்கு மட்டும் இதுல சந்தோஷமா?”

அப்போது ரூபன் மேசையை ஓங்கித் தட்டி —

(இல்லை, தட்டமாட்டான். எத்தனையோ முறை தட்டவைத்துப் பார்த்தேன். அந்த மேசையும் பள்ளிக்கூடத்துச் சொத்து. ரூபனோடு எனக்குப் பெரிய தொல்லை. அவன் நல்லவன். நல்லவனை வைத்துக்கொண்டு எந்தக் கதையையும் நகர்த்த முடியாது.)

“டீ குடிக்கிறீங்களா?” என்றான்.

மாடியில் கெஸையா தலையணையைக் கடித்துக்கொண்டு இருமலை அடக்கினாள். அவர்கள் வாசற்படியிறங்கித் தெருவுக்குப் போகும்வரை அடக்கினாள். உறையில் ரத்தம் பட்டிருந்தது. அதைத் திருப்பிப் போட்டாள். நான் சாகப்போகிறேனே என்று அவள் அழவில்லை. பிள்ளைகள் எலனும் லூக்கும் எங்கே போவார்கள் என்றுதான் அழுதாள்.

3.

மறுநாளே கெஸையா கீழே இறங்கிவந்து சமையலறை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். பெண்பிள்ளைகளை வீட்டுக்கே வரச்சொல்லித் தையல் சொல்லிக்கொடுத்தாள். ஒரு வாரம் ஓடியது. பிறகு ஒரு பிள்ளையின் தாய் வாசலில் வந்து நின்றாள்.

“என் பொண்ணு ஊசி பிடிக்க வரட்டும், வாத்தியாரம்மா. இருமலையும் பிடிச்சிக்கிட்டு வர வேணாம். தப்பா நினைக்காதீங்க.”

“உன் இடத்துல நானா இருந்தா முதல் நாளே அனுப்பியிருக்க மாட்டேன்,” என்றாள் கெஸையா.

அதன்பின் ஒருத்தியும் வரவில்லை. இங்கேதான் கெஸையாவின் மனசில் அந்த யோசனை விழுந்தது. டாமரிஸ் கில்லியட், சின்னப் பிள்ளைகளின் ஆசிரியை, செருப்புத் தைப்பவர் வீட்டில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். சொந்தம் என்று யாருமில்லை. பிள்ளைகளிடம் கத்தாதவள். அவளைக் கூப்பிட்டு, “தையல் கத்துக்கிறியா?” என்று கேட்டாள் கெஸையா. காரணம் சொல்லவில்லை. டாமரிஸ் உடனே சரி என்றாள். அவளும் காரணம் சொல்லவில்லை.

டாமரிஸுக்கு இடதுகைப் பழக்கம். எழுத்தை அடித்தே வலதுகைக்கு மாற்றியிருந்தார்கள், ஊசி மாறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் எல்லாம் தலைகீழாகப் போயிற்று. கடைசியில் கெஸையா அவளை எதிரே உட்காரவைத்தாள். கண்ணாடியில் பார்ப்பதுபோலப் பார்த்துத் தைக்கச் சொன்னாள். அது பலித்தது.

“இது என்ன, ஓரம் மடிச்சதா, ஏர் ஓட்டினதா?”

“ஏர்தான், வாத்தியாரம்மா. வெல்பர்ன் பண்ணையில வேலை கேக்கலாம்னு இருக்கேன்.”

கெஸையா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி நிற்கவே நேரம் பிடித்தது. அதற்குப்பின் டாமரிஸ் வேடிக்கை பேசுவதை விட்டுவிட்டாள். அந்த வீட்டில் கடைசியாக இருந்த ஒரு நல்ல விஷயமும் அப்படிப் போயிற்று.

ஆனால் தினமும் வந்தாள். ஓட்டுத் தையல் முடிந்தது, ஓரம் மடிப்பது முடிந்தது, ஒட்டுப் போடுவதும் முடிந்தது. துணியை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டு வந்தாள். இந்தப் பெண்ணுக்கு இந்த வீட்டின்மேல் ஒட்டுதல் வந்துவிட்டது என்று கெஸையா நினைத்தாள். (நானும் அப்படித்தான் நினைத்தேன். எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று யார் சொன்னது?)

4.

இந்தப் பகுதியை எடுத்துவிட்டேன். ரூபனின் பிள்ளைப்பருவம், ஒரு நாய், ஒரு ஆறு. படித்தால் உங்களுக்கே கொட்டாவி வரும்.

5.

டிசம்பர் தொடங்கியபோது பாக்கி இருந்தது பொத்தானுக்குக் காஜா எடுப்பது ஒன்றுதான். கெஸையா அன்று பிள்ளைகளைப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

“நான் போனதுக்கப்புறம் நீ அவரைக் கட்டிக்கணும்.”

டாமரிஸ் ஊசியை விரலில் குத்திக்கொண்டாள். “கஷாயம் ஜாஸ்தியாக் குடிச்சிட்டீங்களா, வாத்தியாரம்மா?”

“இன்னிக்குக் குடிக்கவே இல்ல. தெளிவாப் பேசணும்னுதான்.”

“வாத்தியார் கேக்கச் சொன்னாரா?”

“அவர் எப்படிக் கேப்பார்? நான் உசிரோட இருக்கறப்போ கேட்டா அவர் மனுஷனே இல்ல. போனப்புறம் கேக்கலாம்னா, அதுக்குள்ள கட்டிலத் தூக்கித் தெருவுல வெச்சிருப்பாங்க. அதான் நான் கேக்கறேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “கை நீட்ட மாட்டார். குடிக்க மாட்டார். குறட்டை உண்டு. எலனுக்கு ரொட்டி ஓரம் பிடிக்காது, வெட்டி லூக்குக்குக் கொடுத்துடு, அவன் எதையும் சாப்பிடுவான்.”

டாமரிஸ் ரத்தம் வந்த விரலை வாயில் வைத்துச் சப்பினாள்.

“நான் பயிற்சிக் கல்லூரிக்குப் பரீட்சை எழுதறேன்,” என்றாள்.

“எப்போ?”

“கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். பாஸ் பண்ணினா அங்க படிச்சு சர்டிபிகேட் வாங்கலாம். அப்புறம் என் பேர்லயே ஒரு பள்ளிக்கூடம் தருவாங்க. பொம்பளைங்களுக்குத் தையல்லயும் பரீட்சை உண்டு. போன தடவை அதுலதான் போச்சு.”

“அதுக்குத்தான் தினமும் வந்தியா?”

“அதுக்குத்தான்,” என்றாள். பிறகு, “முதல்ல அதுக்குத்தான்,” என்றாள்.

“காஜா கேப்பாங்களா?”

“அதைத்தான் முதல்ல கேப்பாங்க.”

கெஸையா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கறுப்பு மண்ணும் வாய்க்காலும்தான், வேறொன்றும் இல்லை.

“நானும் அந்தப் பரீட்சை பாஸ் பண்ணினவதான்.”

இது எனக்கே புதிது. அவள் வாயிலிருந்து வரும்வரை எனக்குத் தெரியாது. நான் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

“அப்புறம் ஏன் போகல, வாத்தியாரம்மா?”

“அவருக்கு இந்த வேலை வந்துச்சு. தையல் தெரிஞ்ச பொண்டாட்டி வேணும்னாங்க.” கெஸையா துணியை மடித்து வைத்தாள். “நீ போ. நாளைக்கு வா. நான் யோசிக்கணும்.”

6.

நானும் யோசித்தேன். என் தாள்கள் இதோ.

முதல் முடிவு: கெஸையா காஜா சொல்லிக்கொடுக்கிறாள். டாமரிஸ் பரீட்சையில் தேறிப் போகிறாள். ஒரே மூச்சில் எழுதி, எழுதிய கையோடு அழுதேன். மறுநாள் படித்தால் எரிச்சல் வந்தது. எலனும் லூக்கும் மூட்டையோடு நடுத்தெருவில் நிற்கிறார்கள், நான் டாமரிஸின் ரயிலுக்குக் கை அசைத்துக்கொண்டிருக்கிறேன். மனைவி இல்லாத, இரண்டு பிள்ளைகள் உள்ள வாத்தியாரை எந்த விளம்பரமும் தேடாது. ஏழைகள் விடுதிக்குப் போனால் பிரித்துவிடுவார்கள்: தகப்பன் ஒரு வாசல், பிள்ளைகள் வேறு வாசல்.

இரண்டாவது முடிவு: கெஸையா சொல்லிக்கொடுக்கவில்லை. உடம்பு முடியவில்லை என்கிறாள், அது பொய்யும் இல்லை. டாமரிஸ் மறுபடியும் தோற்று, போக்கிடம் இல்லாமல், அதே ஜன்னலோரம் அதே நாற்காலியில் உட்காருகிறாள். எழுதி முடித்தபோது கெஸையாவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. அவள் என்னைப் பார்த்து, “உனக்குப் பிள்ளைகள் உண்டா?” என்று கேட்டதுபோல இருந்தது.

மூன்றாவது முடிவு: டாமரிஸ் தானாகவே பரீட்சையை விட்டுவிட்டு வருகிறாள். மிகவும் அழகாக வந்தது. கிழித்துப் போட்டேன். அடுத்தவள் ஆயுளைக் கொடுத்து என் கதையை அழகாக முடித்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை? கமிட்டி கேட்டதும் இதையேதானே.

நான்காவது: கமிட்டியின் மனம் இளகி —

இதை எழுதும்போது சிரிப்பு வந்துவிட்டது. அதோடு விட்டேன்.

7.

ஆகவே இவ்வளவுதான் என்னால் தர முடியும்.

மறுநாள் பள்ளி விட்டதும் டாமரிஸ் வந்தாள். இரவு முழுக்க அழுத முகம். கையில் ஒரு துண்டு வெள்ளைத் துணி இருந்தது. பின்கட்டில் எலனும் லூக்கும் பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். நேற்றுப் பேசியது அவர்களுக்குக் கேட்டிருந்தது. அந்த வீட்டில் எல்லாம் எல்லோருக்கும் கேட்கும். எலன் தன் ரொட்டி ஓரத்தைத் தானே, யாரும் சொல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிக்கொண்டிருந்தாள்.

கெஸையா அதைப் பார்த்தாள்.

“துணியைக் கொடு,” என்றாள்.

காஜா எடுக்கும்போது முதலில் வெட்ட வேண்டும். தைத்துவிட்டு வெட்டலாம் என்பதெல்லாம் அப்போது கிடையாது. நல்ல துணியை முதலில் வெட்டிவிட்டு, பிறகு விளிம்பு முழுக்க ஒவ்வொரு முடிச்சாகப் போட்டு அதைக் காப்பாற்ற வேண்டும். தைக்கத் தெரியாதவள் கையில் அது வெறும் கிழிசல். கெஸையா கத்தரிக்கோலை எடுத்து ஒரு விரல்நுனி நீளம் வெட்டினாள். ஊசியில் நூல் கோத்தாள். டாமரிஸ் நின்றுகொண்டே இருந்தாள். எதிர் நாற்காலியில் உட்காரட்டுமா என்று கேட்கவில்லை. உட்காரச் சொன்னால் மட்டுமே உட்காருவாள்.

கெஸையா வாயைத் திறந்தாள். இருமல் வந்தது.

அது நிற்பதற்குள் நான் எழுந்துகொள்கிறேன். இத்தனை நாள் அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தது நான்தான், இனி முடியவில்லை. நீங்கள் வந்து உட்காருங்கள். ஊசி உங்கள் கையில், துணியை வெட்டியாயிற்று. பின்கட்டில் எலன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். எதிரே நிற்கும் பெண் நீங்கள் சொல்வதற்காகக் காத்திருக்கிறாள், சீக்கிரம் சொல்லுங்கள், வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது.